உப்புக்கிணத்துத் தெருவில் சேனைக்கிழங்கு

எங்க உப்புக்கிணத்துத் தெருவுல ஒரு சொல்லைச் சொன்னா, ஓங்கின கை அப்படியே நின்னுடும், நின்ன கை மெதுவா இறங்கும், இறங்கின கை நேரா சமையல்கட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணி மொண்டு கொண்டுவந்து சொன்னவங்க கையில கொடுக்கும். இதுல வாயைப் பிளக்க ஒண்ணும் இல்ல. எங்க பெரம்பூருல தெருவுக்குத் தெரு ஏதாவது ஒண்ணு இருக்கும், அடுத்த தெருவுல சித்திரை வெயில்லயும் கணுக்கால் அளவு தண்ணி நிக்குது, அதை யாரும் அதிசயம்னு சொல்றது இல்லையே. எங்களுக்கு வாய்ச்சது இது. எப்படி வந்துச்சுன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், வாசல்ல செருப்பை வரிசையா விடத் தெரிஞ்ச ஒரு இருபது பேரோட வந்துச்சு.

என் பேரு மனோரஞ்சிதம், வயசு ஐம்பத்தேழு. தெருவுல முதல் மாடியில மனோரஞ்சிதம் மினி ஹால்னு போர்டு தொங்குதே, அது என்னோடதுதான், வீட்டுக்காரர் போனதுலேருந்து நான்தான் நடத்துறேன். நூறு பிளாஸ்டிக் சேர், நாலு ஸ்டாண்டு ஃபேன், சிவப்பு வெல்வெட்டுல ஒரு சோபா, பின்னாடி மயில் போட்ட திரை. காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், ரிட்டயர்மெண்ட், இதுக்கு மேல மனுஷனுக்கு ஒரு விசேஷம் வரும்னு நான் நினைச்சதே இல்ல. நடத்துறது நான்னு சொன்னேனே தவிர, யாருக்குக் கொடுக்கலாம் யாருக்குக் கூடாதுன்னு முடிவு பண்றது எங்க அண்ணன் அருணகிரி. ரெவின்யூ இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், தெரு நலச் சங்கத் தலைவர், என்னைவிடப் பதினாலு வயசு மூத்தவர். அப்பா தவறினப்போ எனக்கு எட்டு வயசு, அன்னையிலேருந்து நான் எத்தனாவது வரைக்கும் படிக்கணும், யாருக்குக் கழுத்தை நீட்டணும், அவர் போனப்புறம் என்ன கலர் புடவை கட்டணும், எல்லாம் அண்ணன் தீர்மானம். கெட்டவர் இல்ல, சத்தியமா இல்ல. கேட்டுத் தீர்மானிக்கிற பழக்கம் இல்லாதவர், அவ்வளவுதான். அவர் எதிர்ல நின்னா எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும், அவர் படியிறங்கிப் போனப்புறம் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே குண்டான்கிட்ட பேசுவேன்.

இப்படி இருக்கிறப்போ ஒரு வியாழக்கிழமை காலையில நிலோஃபர்னு ஒரு பொண்ணு ஹால் கேட்டு வந்துச்சு. முப்பத்தாறு வயசு இருக்கும், ஆஸ்பத்திரியில பிசியோதெரபி பார்க்குற பொண்ணு, நான் நோட்டை எடுக்கக் கையை நீட்டினப்பவே என் மணிக்கட்டு வீங்கியிருக்குறதைக் கண்டுபிடிச்சுடுச்சு. கூட தேவசகாயம்னு ஒருத்தர், நாகர்கோவில்காரர், இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை, நாற்பத்தஞ்சு வயசு, முன்வழுக்கை, பேச்சே கிடையாது. ஃபேனைப் போட்டுப் பார்த்தாங்க, ஜன்னலைச் சாத்திப் பார்த்தாங்க, நான் பேனாவைத் திறந்துக்கிட்டு, "என்ன விசேஷம்மா?"ன்னு கேட்டேன். புக்கிங் நோட்டுல தேதிக்குப் பக்கத்துல விசேஷம்னு ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்பாம அண்ணன் விடமாட்டார்.

ஊர் உலகத்துல வேற யாரா இருந்தாலும் பிறந்தநாள்னு ஒரு வார்த்தையில முடிச்சிருப்பாங்க. இதுங்க முடிக்கல. நிலோஃபர் ஒரு சேரை இழுத்துப் போட்டு என் எதிர்ல உக்காந்துச்சு.

"அக்கா, நாங்க ஒரு குழு. கிங்க்னு சொல்வாங்க. கயித்தால கட்டுறது, கட்டுப்படுறது, ஒருத்தர் சொல்ல இன்னொருத்தர் பணிஞ்சு கேக்குறது, சில பேருக்கு வலியிலயே ஒரு நிம்மதி இருக்கும், அந்த மாதிரி ஆசை இருக்குறவங்க. எல்லாரும் வயசு வந்தவங்க, எல்லாரும் ஒத்துக்கிட்டு வர்றவங்க. இங்க அதெல்லாம் நடக்காது. மாசம் ரெண்டு ஞாயிறு, காலையில பதினொண்ணுலேருந்து ஒரு மணி வரைக்கும் காபி குடிச்சுட்டு உக்காந்து பேசுவோம். எப்பவாவது கயிறை ஆபத்து இல்லாம கட்டுறது எப்படின்னு ஒரு கிளாஸ், சாதா டிரெஸ்லதான். உங்களுக்கு இதுல சம்மதமா? யோசிச்சுச் சொல்லுங்க. வேண்டாம்னா ஒண்ணும் தப்பு இல்ல."

நான் பேனாவை மூடி வெச்சேன். அப்புறம், "ஏம்மா, இதையெல்லாம் ஏன் எங்கிட்ட ஒப்பிக்கிறே? பர்த்டேன்னு சொல்லியிருந்தா எழுதிட்டுப் போயிருப்பேனே"ன்னேன்.

"உங்க இடம்க்கா. உங்களுக்குத் தெரியாம உங்களை ஒரு விஷயத்துல சேர்க்கக் கூடாது. அதுதான் எங்க முதல் விதி."

அப்பதான் தேவசகாயம் வாயைத் திறந்தார். "இதுவரைக்கும் பத்தொம்பது ஹால்ல சொல்லியாச்சுக்கா. இது இருபதாவது."

பத்தொம்பது ஹால்ல உண்மையைச் சொல்லி, பத்தொம்பது ஹால்லயும் துரத்திவிட்டும், இருபதாவதுலயும் வந்து உண்மையையே சொல்ற ஜனத்தை நான் எங்கேயும் பார்த்தது இல்ல, பிழைக்கத் தெரியாததுங்கன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே ரெண்டு பேருக்கும் மோர் கொடுத்தேன். மோரைக் குடிச்சுக்கிட்டே சொன்னாங்க, பெங்களூருல மாசத்துக்கு நாலு இடத்துல கூடுறாங்களாம், மும்பையில ஒரு கூட்டத்துக்குப் போனா அங்கேயே அடுத்த மூணு கூட்டத்துக்கு வழி சொல்லிடுவாங்களாம், சென்னையில மட்டும் ஆள் இருக்கு, ஆசை இருக்கு, உக்கார இடம் இல்ல. முன்னாடி ஒரு காபிக் கடையில கூடியிருக்காங்க. நெட்டுல ஒரு வரி போடுவாங்களாம், ஞாயிறு பதினொரு மணி, மேஜை மேல மஞ்சள் குடைன்னு. தேவசகாயம் நாலு ஞாயித்துக்கிழமை அந்தக் கடைக் கண்ணாடி வழியா மஞ்சள் குடையைப் பார்த்துட்டு, உள்ள போகத் தைரியம் இல்லாம, எதிர்ல கரும்பு ஜூஸ் குடிச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாராம். அஞ்சாவது ஞாயிறு மழை புடிச்சுக்கிச்சு, ஒதுங்க வேற இடம் இல்லாம உள்ள போயிட்டார். ஒரு பொண்ணு, "சர்க்கரை போடவா?"ன்னு மட்டும் கேட்டுச்சாம், வேற யாரும் எதுவும் கேக்கலையாம்.

"இருபது வருஷமா உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இப்படின்னு நினைச்சுட்டு இருந்தேன்க்கா"ன்னு சொல்லிட்டு, மோர் டம்ளருக்குள்ளயே பார்த்துக்கிட்டிருந்தார் அந்த மனுஷன்.

அந்தக் காபிக் கடைக்காரரும் ஒருநாள் இது குடும்பங்க வர்ற இடம்னு சொல்லி எழுப்பி விட்டுட்டாராம். "நாங்க மட்டும் என்ன, வானத்துலேருந்தா குதிச்சோம்"ன்னு நிலோஃபர் சிரிச்சுச்சு, ஆனா சிரிப்பு கண்ணுக்கு வரல. இந்த மாசத்துக்குள்ள இடம் கிடைக்கலன்னா குழு கலைஞ்சுடும், இருபது பேரும் மறுபடியும் தனித்தனியா கரும்பு ஜூஸ் குடிக்கப் போயிடுவாங்க.

நான் சரின்னேன். ஏன் சரின்னேன்னு பிற்பாடு தெருவுல ஆளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. நான் உண்மையைச் சொல்றேன். ஐம்பத்தேழு வருஷத்துல என்கிட்ட, "உங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேட்டு, கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு, பதிலுக்குக் காத்துக்கிட்டு உக்காந்த முதல் மனுஷி அந்தப் பொண்ணுதான். அதுக்கு வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

நான் என் நிபந்தனையைச் சொன்னேன், சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, மயில் திரையில கை வைக்கக் கூடாது, செருப்பு வெளியில, நானும் ஹால்லயே ஓர் ஓரமா உக்காந்திருப்பேன். ஒண்ணு ஒண்ணையும் எழுதிக்கிட்டாங்க. எழுதி முடிச்சுட்டு நிலோஃபர், "நீங்களும் கூட இருக்கிறதா இருந்தா உங்களுக்கும் ஒரு சொல் வேணும்க்கா"ன்னுச்சு. என்ன சொல்லுன்னா, நிறுத்தச் சொல்ற சொல்லாம். யாருக்கு எப்போ எது போதும்னு தோணினாலும் அந்தச் சொல்லைச் சொல்லிட்டா, எது நடந்தாலும் அந்த நிமிஷமே நிறுத்திடணும், ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது, நிறுத்தினவங்க தண்ணி கொடுத்து, "என்ன வேணும்?"னு விசாரிக்கணும். பேச்சுல தப்பித் தவறி வராத சொல்லா இருக்கணும், ஹால்ல இருக்குற எல்லாருக்கும் சேர்த்து ஒரே சொல்லு, ஹால்காரி நானே வைக்கணும்.

"சேனைக்கிழங்கு"ன்னேன். எனக்கு ஆகாத காய், சின்ன வயசுல ஒருதரம் அதால தொண்டை வீங்கினதிலேருந்து என் வாயால அது பேரைக்கூடச் சொல்றது இல்ல. அதனாலதான் அதை வெச்சேன்.

முதல் ஞாயிறு பால்கனியில மஞ்சள் குடையை விரிச்சு வெச்சாங்க. ஒருத்தர் ஒருத்தரா வந்தாங்க, பேங்க் ஆபீஸர் ஒருத்தர், காலேஜ்ல கணக்கு சொல்லிக்கொடுக்குறவங்க, மெட்ரோவுல வேலை பார்க்குறவர், புருஷன் பொண்டாட்டியா ரெண்டு ஜோடி. என்னமோ நடக்கப்போகுதுன்னு நான் முருகா முருகான்னு சோபா ஓரத்துல உக்காந்திருக்கேன், இதுங்க என்னடான்னா வாழைக்காய் பஜ்ஜியைத் தின்னுக்கிட்டு வீட்டு வாடகையையும் மாமியாரையும் பத்திப் பேசுதுங்க. தோள் மேல கை போடுறதுக்கு முன்னாடி, "போடலாமா?"ன்னு கேக்குதுங்க, பக்கத்துல உக்கார, "உக்காரலாமா?"ன்னு கேக்குதுங்க. கயிறு கிளாஸ்ல தேவசகாயம் ரெண்டு கையையும் நீட்டினார், நிலோஃபர் சணல் கயிறை மெத்து மெத்துன்னு சுத்திச்சு, சுத்துக்குச் சுத்து விரலை உள்ள விட்டுப் பார்த்து, "மரத்துப் போகுதா?"ன்னு கேட்டுச்சு, கட்டுப்பட்ட அந்த மனுஷன் முகத்துல, சாயங்காலம் வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள வந்து சட்டையைக் கழட்டினவன் முகத்துல இருக்குமே, அந்தத் தெளிச்சல். போகும்போது நூறு சேரையும் அடுக்கி, பஜ்ஜி எண்ணெயைக்கூடத் துடைச்சுட்டுப் போனாங்க. காதுகுத்துக்காரங்க துடைச்சதே இல்ல.

நோட்டுல விசேஷம்ங்குற கட்டத்துல என்ன எழுதுறதுன்னு தெரியாம அப்படியே காலியா விட்டுட்டேன்.

ரெண்டாவது ஞாயிறு போய் செவ்வாய்க்கிழமை காலையில தள்ளுவண்டி பன்னீர் தெருவுக்குள்ள வந்தான். வண்டியில அன்னைக்குச் சேனை நிறைய. மூணாம் நம்பர் வீட்டு அம்மா கத்திரிக்காயைக் கையில வெச்சுக்கிட்டு அவன் உசிரை வாங்கிக்கிட்டிருக்காங்க, அவன் சலிச்சுப்போய் அடுத்த வீட்டுக்குக் கேக்கட்டும்னு, "சேனைக்கிழங்கேய்"ன்னு ஒரு குரல் கொடுத்தான். அந்தம்மா பேரத்தைப் பாதியில விட்டாங்க, கத்திரிக்காயைக் கீழே வெச்சாங்க, உள்ள போய் ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து கொடுத்து, "வேற என்னப்பா வேணும்?"ன்னு கேட்டாங்க. நல்ல மனுஷின்னு குடிச்சுட்டு அடுத்த வாசலுக்குப் போனான், அங்கேயும் அதே. பதினோரு வீட்டுல பதினோரு டம்ளர் குடிச்சு வயிறு முட்டி, வண்டியை என் வாசல்ல நிறுத்திட்டு, "ரஞ்சிதம்மா, இன்னைக்கு உங்க தெருவுல யாருக்காவது திதியா?"ன்னு கேட்டான்.

நான் யார்கிட்டயும் சொல்லல, கீழ் வீட்டு வேதாகிட்ட மட்டும்தான் சொன்னேன். ரவிக்கை தைக்கிற பொண்ணு, நம்ம கிட்ட சொன்னது வெளியில போகாது. அவ புருஷன் கோதண்டத்தைப் பத்தித் தெருவுக்கே தெரியும், சட்னியில உப்பு குறைஞ்சாலும் கை நீளும், கூடினாலும் நீளும், நாங்க எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்குவோம், அதுதான் எங்க வழக்கமா இருந்துச்சு. புதன்கிழமை காலையில தட்டு விழுற சத்தம் கேட்டு நான் ஜன்னல்ல கையை வெச்சேன். அப்போ வேதா குரல் கேட்டுச்சு, அழுகை இல்லாம, கடையில சாமான் கேக்குற மாதிரி, "சேனைக்கிழங்கு." அப்புறம் சத்தமே இல்ல. நான் எட்டிப் பார்த்தேன், கோதண்டம் ஓங்கின கையோட சிலை மாதிரி நிக்கிறான், கை இறங்குது, உள்ள போறான், டம்ளரோட வர்றான், ஆறடி ஆள் அவ முன்னாடி குனிஞ்சு, "என்ன வேணும்?"னு கேக்குறான். பதினோரு வருஷத்துல அவன் அவளை முதல் முதலா கேட்ட கேள்வி அது. வேதா தண்ணியைக் குடிச்சு முடிச்சுட்டு, "தள்ளி உக்காரு"ன்னுச்சு. அவன் தள்ளி உக்காந்தான்.

ஒரு வாரத்துல தெரு முழுக்க சொல்லு பரவிடுச்சு. மருமகள்கள் மாமியாரை நிறுத்தினாங்க, மாமியார்கள் சீரியல் பார்க்கும்போது மருமகள்களை நிறுத்தினாங்க. சந்து முனையில ஹாரன் அடிச்ச ஆட்டோக்காரர் வண்டியை விட்டு இறங்கி, கடக்க நின்ன வாத்தியாருக்குத் தண்ணி பாட்டிலைக் கொடுத்துட்டுப் போனார். காலையில எந்த நேரத்துலயும் நாலு பேர் டம்ளரும் கையுமா தெருவைக் கடந்துக்கிட்டிருப்பாங்க, எதிர்ல வர்றவங்க இடிக்காம ஒதுங்குவாங்க, அவ்வளவுதான் மாறுதல். அண்ணன் ஊர்ல இல்லாத நாளா பார்த்துச் சங்கத்துல கூட்டம் போட்டு, குழம்பு கொதிக்கும்போது சொல்லக் கூடாது, ஏணி மேல நிக்கிறவரைப் பார்த்துச் சொல்லக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க. சேனை வறுவல் தெருவுலேருந்தே ஒழிஞ்சுபோச்சு, ஆசைப்பட்டவங்க வியாசர்பாடியில சொந்தக்காரங்க வீட்டுல போய்ச் சாப்பிட்டுட்டு வந்தாங்க. அண்ணன் மட்டும் இதெல்லாம் ஜனங்களோட பைத்தியக்காரத்தனம்னு சொல்லிக்கிட்டிருந்தார், ஏன்னா அவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்றதுக்குத் தெருவுல ஒரு ஆளுக்கும் துணிச்சல் இல்ல. சொல்லை வெச்சவளே நான்தான், எனக்கே இல்ல.

மூணாவது மாசம் எதிர் மொட்டை மாடியிலேருந்து யாரோ கயிறு கிளாஸை ஃபோட்டோ புடிச்சுத் தெரு வாட்ஸ்அப்புல போட்டுட்டாங்க. அண்ணன் நோட்டை வாங்கிப் புரட்டினார், ஆறு ஞாயித்துக்கிழமைக்கும் விசேஷம் காலி. நோட்டை வெச்சுட்டுப் போய், நாற்பத்துமூணு கையெழுத்தோட ஒரு மனு தயார் பண்ணிட்டார், ஹாலைப் பூட்டணும், இந்த ஆளுங்க தெருவுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு. கையெழுத்துப் போட்டவங்கள்ல பாதிப் பேர் அன்னைக்குக் காலையில அந்தச் சொல்லால தண்ணி வாங்கிக் குடிச்சவங்க.

நான் நிலோஃபருக்கு ஃபோன் பண்ணினேன். சொல்லு இந்தத் தெருவுல என்னென்ன பண்ணிட்டிருக்குன்னு அன்னைக்குத்தான் அதுக்கு முழுசா சொன்னேன். சந்தோஷப்படும்னு நினைச்சேன், அது பதறிப்போச்சு.

"அக்கா, தப்பு நடந்துருக்கு. தெருக்காரங்க யாரையும் நாம கேக்கலையே. கேக்காம ஒரு விதியை அவங்க மேல போடுறது எங்க பழக்கமே இல்ல. நாங்க போயிடுறோம். சொல்லை வெச்சது நீங்க, நீங்கதான் அதைத் திரும்ப எடுக்கணும்."

எனக்கு வந்துச்சே கோவம். "கோதண்டத்தோட கையை நிறுத்துறதுக்குக் கோதண்டத்தோட சம்மதம் வேணுமாம்மா? அடிக்கிறதுக்கு அவன் யார் சம்மதத்தைக் கேட்டான்?"

"அதுக்கு வேண்டாம்க்கா"ன்னுச்சு. "ஆனா கத்திரிக்காய் பேரத்துக்கு வேணும்."

அந்த ஞாயிறு கடைசித் தடவையா வந்து சொல்லிட்டுப் போறதா முடிவு. எனக்கு விஷயம் அவ்வளவு சுலபமா இல்ல. அவங்க போனா ஹால் மறுபடி அண்ணனோட ஹால், நான் மறுபடி குண்டான்கிட்ட பேசுறவ. சொல்லை எடுத்தா வேதா மறுபடி சுவத்தோட சுவரா நிப்பா. எடுக்கலைன்னா அந்தப் பொண்ணோட முதல் விதி போச்சு. ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்து விடிஞ்சதுதான் மிச்சம்.

பத்தரைக்கே மஞ்சள் குடை விரிஞ்சுடுச்சு. வாசல்ல இருபது ஜோடி செருப்பு வரிசையா. பதினோரு மணிக்கு அண்ணன் படியேறி வந்தார், ஒரு கையில மனு, ஒரு கையில உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைப் பூட்டு, பின்னாடி படி நெடுக தெரு ஜனம். செருப்பைக் காலால ஒதுக்கிட்டு உள்ள வந்து, அங்க இருந்த யாரையும் பார்க்காம என்னை மட்டும் பார்த்தார்.

"ரஞ்சி, இவங்களை வெளியில போகச் சொல்லு. பூட்டணும்."

படியில வேதா நின்னு, சொல்லு சொல்லுன்னு எனக்குக் கண்ணால ஜாடை காட்டுது. நிலோஃபர் வேண்டாம்னு தலையை ஆட்டுது. நான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரல. அதுக்கு முன்னாடி வரவேண்டியது வரிசையில நின்னுக்கிட்டிருந்துச்சு போல, அதுதான் வந்துச்சு.

"எனக்கு ஒன்பது வயசு அண்ணா. அம்மா ஆஸ்பத்திரியில. நீங்க அந்தக் கிழங்கைச் சமைச்சீங்க, வேகல. தொண்டை அரிக்குதுன்னு சொன்னேன், வீம்பு பண்ணாத தின்னுன்னீங்க. நாக்கு தடிச்சுப்போச்சு, கண்ணுல தண்ணி கொட்டுது, குடிக்கத் தண்ணி கேட்டேன், தட்டைக் காலி பண்ணாத்தான் தண்ணின்னு சொம்பை எடுத்துப் பரண் மேல வெச்சீங்க. தின்னேன். அப்புறம் பத்தாவதுல நானூத்தி பதினெட்டு மார்க் எடுத்தேன், ஸ்கூல்ல முதல் ஆளு, நர்ஸிங் படிக்கிறேன்னேன், ஃபாரத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டீங்க, ஏன்னு ஒரு வார்த்தை சொல்லல, நானும் கேக்கல. அப்புறம் ஒரு பையன் என்கூட பஸ்ஸுல ரெண்டு நாள் சிரிச்சுப் பேசினான்னு என் பஸ் பாஸைப் புடுங்கினீங்க, நான் வெயில்ல நாலு மைல் நடந்து டைப்ரைட்டிங் போனேன். அப்புறம் அவர் செத்துப் பதினாறு நாள்கூட ஆகல, என் பீரோவைத் திறந்து கலர் புடவையெல்லாம் எடுத்து யார் யாருக்கோ கொடுத்தீங்க, அந்த மாம்பழக் கலர் புடவை அவர் எனக்கு முதல் முதலா வாங்கினது, அதை வெச்சுக்கிறேன்னு சொல்ல எனக்கு வாய் வரல, இத்தனை வருஷமா வரல, அப்புறம்..."

அண்ணன் கதவு நிலையைத் தேடிப் புடிச்சார். அவர் முகம் சின்னதா ஆயிடுச்சு. எழுபத்தோரு வயசுக்காரர் முகம் அதுன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுச்சு. உதடு ரெண்டு தடவை அசைஞ்சுச்சு, மூணாவது தடவைதான் சத்தம் வந்துச்சு.

"சேனைக்கிழங்கு"ன்னார்.

என் வாய் நின்னுபோச்சு. பாதி வார்த்தையில நின்னுச்சு. நிறுத்தணும்னு நான் நினைக்கல, என் காலு தானாத் திரும்புச்சு, மூலையில இருந்த பானைக்குப் போச்சு, மொண்டேன், கொண்டுவந்து நீட்டினேன். இத்தனை ஞாயிறு நிலோஃபர் ஆளுங்க கேக்குறதைப் பார்த்துப் பார்த்துப் பழகிட்டதால, "என்ன வேணும் அண்ணா?"ன்னு கேட்டேன்.

அவர் பூட்டைக் கீழே வெச்சுட்டு ரெண்டு கையாலயும் டம்ளரை வாங்கினார். பாதி குடிச்சார். மீதித் தண்ணியையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"அன்னைக்கு உனக்குத் தண்ணி கொடுக்கல நான்"ன்னார்.

தேவசகாயம் எழுந்து ஒரு சேரைக் கொண்டுவந்து, "உக்காருறீங்களா சார்?"னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் சேரைக் கையிலயே வெச்சுக்கிட்டு நின்னார். அண்ணன் தலையை ஆட்டினப்புறம்தான் போட்டார். அண்ணன் உக்காந்தார்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"நிறைய இருக்குண்ணா."

"ஒரே நாள்ல என்னால முடியாது."

"தெரியுது."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சொல்லு. நான் வந்து கேக்குறேன். ஆனா நிறுத்துன்னு சொன்னா நீ நிறுத்திடணும்."

"நிறுத்துறேன். சம்மதமா?"

அந்த வார்த்தையை நான் அவர்கிட்ட கேப்பேன்னு நானே நினைக்கல. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சம்மதம்"னார். படியில திரும்பிப் பார்த்தா தெரு ஜனத்துல பாதியைக் காணோம், எல்லார் வீட்டுலயும் ஒரே நேரத்துல பால் அடுப்புல இருந்துருக்கு.

நிலோஃபர் சும்மா விடல. சொல்லு இருக்கணும்னா வீடு வீடா போய்க் கேக்கணும்னு புடிவாதம் புடிச்சுச்சு. கேக்கப் போனது யாருங்குறீங்க, அண்ணன்தான். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நடை மறக்குமா. அந்த மனுவையே திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்துல, "இந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட எங்களுக்குச் சம்மதம்"னு மேல எழுதி, அம்பத்தோரு கையெழுத்து வாங்கிட்டு வந்தார், முன்பக்கத்தைவிட எட்டு அதிகம். அந்த எட்டுல வேதாவும் ஒண்ணு. கோதண்டம் மட்டும் போடமாட்டேன்னான். அண்ணன் அவன் வீட்டு வாசல்லயே சேர் போட்டு உக்காந்து பேப்பர் படிச்சார், மூணு நாள், அவனா உள்ள கூப்பிட்டுக் கையெழுத்துப் போடுற வரைக்கும். பன்னீர் மட்டும் பேரத்துல சொல்லைப் பயன்படுத்த மாட்டேன்னு வாக்குக் கொடுத்தான், இப்போ பெரிய கிழங்குன்னுதான் கூவுறான், எல்லாருக்கும் புரியுது.

குழு எங்கேயும் போகல. மாசம் ரெண்டு ஞாயிறு மஞ்சள் குடை விரியுது, கோயம்புத்தூர்லேருந்து ஒரு ஜோடி, வேலூர்லேருந்து ஒரு டீச்சர்னு புது ஆளுங்க தெருமுனையில தயங்கித் தயங்கி நிப்பாங்க, கீழ இருக்குற வேதா மிஷினை நிறுத்திட்டு, "மாடிக்கா? போங்க, பஜ்ஜி ஆறிடும்"னு அனுப்பி வைக்கும். நோட்டுல காலியா இருந்த கட்டத்தையெல்லாம் அண்ணன் தன் பேனாவால நிரப்பிட்டார், எல்லாத்துலயும் ஒரே வார்த்தை, "பேச்சு"ன்னு. இடைப்பட்ட ஞாயிறுக்கும் அதே வார்த்தைதான், அன்னைக்கு நானும் அவரும் மட்டும். ஒரு ஞாயிறுக்கு ஒண்ணுதான் சொல்லுவேன். பல தடவை பாதியிலயே சேனைக்கிழங்குன்னுடுவார், நான் தண்ணி கொடுப்பேன், அப்புறம் கிரிக்கெட்டைப் பத்திப் பேசுவோம்.

போன ஞாயிறு என் கல்யாணத்தைப் பத்தி ஆரம்பிச்சேன். மாப்பிள்ளை யாருன்னு எனக்குப் பத்திரிகை அச்சாகி வந்தப்பதான் தெரிஞ்சுச்சு, அந்தப் பத்திரிகையில என் பேரையே தப்பாப் போட்டிருந்தாங்க, அதைக்கூட நான் சொல்லல. நல்ல மனுஷன் கிடைச்சார், அது என் அதிர்ஷ்டம், அண்ணனோட சாமர்த்தியம் இல்ல, அதையும் சொன்னேன். எப்போ அந்தச் சொல் வரும்னு அவர் வாயையே பார்த்துக்கிட்டுச் சொன்னேன். வரல. ஒரு மணி நேரம், கடைசி வரைக்கும், கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்து கேட்டார்.

நான் முடிச்சேன். அவர் எழுந்தார். நான் எந்தச் சொல்லும் சொல்லல, அவரும் சொல்லல. மூலைக்குப் போய், பானை மூடியைத் திறந்து, ஒரு டம்ளர் மொண்டுக்கிட்டு வந்தார். நீட்டும்போது பாதித் தண்ணி என் புடவையில கொட்டுச்சு. மீதியை நான் குடிச்சேன்.